திரவ வில்லைக் கண்ணாடிகளுக்கான குறைமின் நுண்ணியக்கிகள்: ஆற்றல் கணக்கின் வழி ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

நாற்பது வயதைக் கடந்தோரிடம் அண்மைப் பார்வை மங்குவது வெள்ளெழுத்து எனப்படும். பார்க்கும் தொலைவிற்கு ஏற்பத் தன் குவியத்தை மாற்றிக்கொள்ளும் திரவ வில்லைக் கண்ணாடி இக்குறைக்குரிய தீர்வுகளுள் ஒன்றாக ஆராயப்பட்டு வருகின்றது. இத்தகைய வில்லையை உருவாக்குவதைவிட, அதனை அசைக்கும் இயக்கியைக் கண்ணாடிச் சட்டத்திற்குள் அடக்குவதே கடினமாக உள்ளது. 32 மி.மீ. விட்டமுள்ள கிளிசரின் வில்லையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இயக்கி நகர வேண்டிய தொலைவு, செலுத்த வேண்டிய விசை, செலவிடும் ஆற்றல் ஆகியவற்றை இக்கட்டுரை கணக்கிடுகின்றது. குவியத்தை மாற்றத் தேவைப்படும் இயந்திர ஆற்றல் மிகச் சிறிது என்பதும், மாற்றிய நிலையைத் தக்கவைப்பதற்கே மின்கலத்தின் பெரும்பகுதி செலவாகின்றது என்பதும், எனவே மின்சாரமின்றி நிலையைப் பற்றி நிற்கும் இருநிலை இயக்கிகளே பொருத்தமானவை என்பதும் இக்கட்டுரையின் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: வெள்ளெழுத்து, திரவ வில்லை, இயக்கி, அழுத்தமின் விளைவு, வடிவ நினைவு உலோகக்கலவை, இருநிலை அமைப்பு

1. முன்னுரை

மனித விழியின் வில்லை நெகிழ்வுடையது. சிலியரித் தசை சுருங்கும்போது வில்லை தடித்து அண்மையிலுள்ள பொருள் தெளிவாகின்றது. தசை தளரும்போது வில்லை மெலிந்து தொலைவிலுள்ள பொருள் தெளிவாகின்றது. இது விழி ஏற்பமைவுத் திறன் எனப்படும். பத்து வயதுச் சிறுவரிடம் ஏறத்தாழ 14 டயாப்டர் அளவுள்ள இத்திறன், நாற்பது வயதில் நான்கு அல்லது ஐந்து டயாப்டராகக் குறைந்து, அறுபதை எட்டும்போது ஒரு டயாப்டர் அளவிற்குச் சுருங்கிவிடுகின்றது. 40 செ.மீ. தொலைவில் பிடித்த நூலைப் படிக்க 2.5 டயாப்டர் தேவை. வில்லை இறுகிவிட்டதால் இத்தேவையை முதிய விழியால் நிறைவு செய்ய இயலுவதில்லை.

2015ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் ஏறத்தாழ 180 கோடிப் பேருக்கு வெள்ளெழுத்து இருந்ததாகவும், அவர்களுள் 82.6 கோடிப் பேருக்குப் போதிய கண்ணாடி இல்லாமையால் பார்வைக் குறை நீடித்ததாகவும் 2018இல் வெளியான மதிப்பீடு தெரிவிக்கின்றது. அசாம் மாநிலத்தில் நாற்பது வயதிற்கு மேற்பட்ட 751 தேயிலைத் தொழிலாளரிடம் நடத்தப்பட்டு அதே ஆண்டில் வெளியான ஆய்வில், அண்மைப் பார்வைக் கண்ணாடி பெற்றோரின் உற்பத்தித் திறன், பெறாதோரினும் 21.7 விழுக்காடு மிகுதியாக உயர்ந்தது. வெள்ளெழுத்து உழைப்பையும் வருவாயையும் நேரடியாகத் தொடும் குறை என்பதற்கு இது சான்றாகும்.

2. இன்றைய கண்ணாடிகளின் எல்லை

வாசிப்புக் கண்ணாடி எளியது, விலை குறைந்தது. ஆயினும் அதனை அணிந்தவாறு தெருவில் நடக்க இயலாது. பெஞ்சமின் பிராங்க்ளின் காலந்தொட்டு வழங்கிவரும் இருகுவியக் கண்ணாடியும், பின்னர் வந்த படிநிலைக் கண்ணாடியும் ஒரே வில்லையின் மேற்பகுதியைச் சேய்மைக்கும் கீழ்ப்பகுதியை அண்மைக்கும் ஒதுக்குகின்றன. படிக்கட்டில் இறங்கும் முதியவர் அண்மைக்கு உரிய கீழ்ப்பகுதியின் வழியாகவே படியை நோக்க நேர்கின்றது. படியின் விளிம்பு மங்கலாகத் தெரிகின்றது. பலகுவியக் கண்ணாடி அணியும் முதியோரிடம் ஆழ உணர்வும் விளிம்பை இனங்காணும் திறனும் குறைந்து, விழும் வாய்ப்பு மிகுவதை ஆஸ்திரேலியாவில் ஸ்டீபன் லார்டு குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

வில்லையின் முழுப்பரப்பும் ஒரே நேரத்தில் ஒரே குவியத்தைப் பெற்று, தேவைக்கேற்ப மாறுமாயின் இச்சிக்கல் எழாது. இதற்கான முயற்சிகளுள் ஒன்றே திரவ வில்லையாகும்.

3. திரவ வில்லை இயங்கும் முறை

ஒளி ஊடுருவும் இரு படலங்களுக்கிடையே ஒரு திரவத்தை அடைத்து, திரவத்தைத் தள்ளினால் படலம் வெளிநோக்கிப் புடைக்கின்றது; இழுத்தால் உள்நோக்கிக் குழிகின்றது. புடைப்பு மிகுந்தால் வில்லையின் திறனும் மிகும்.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜோஷுவா சில்வர் 1980களில் இக்கொள்கையைக் கொண்டு சிலிகோன் எண்ணெய் நிரப்பிய கண்ணாடிகளை உருவாக்கத் தொடங்கினார். அணிபவரே சட்டத்தின் பக்கத்திலுள்ள ஊசிக்குழலைக் கொண்டு எண்ணெயின் அளவைக் கூட்டியும் குறைத்தும் தமக்கு வேண்டிய திறனை அமைத்துக்கொள்வார். அமைத்தபின் குழாய் அடைக்கப்பட்டு ஊசிக்குழல் நீக்கப்படும். இங்கு இயக்கியாக அமைவது மனிதனின் கை, மின்சாரம் தேவையில்லை. ஆயினும் ஒருமுறை அமைத்த திறன் அப்படியே நிலைத்துவிடும். நோக்கும் தொலைவிற்கேற்ப நொடிக்கு நொடி மாறாது.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் மாஸ்ட்ராஞ்செலோ, நஸ்முல் ஹசன் ஆகியோரின் குழு 2017இல் தானியங்கு வடிவத்தை வெளியிட்டது. கிளிசரின் நிரம்பிய அவ்வில்லையின் பின்படலத்தை மூன்று அழுத்தமின் இயக்கிகள் ஒளி ஊடுருவும் உந்துதண்டுபோல முன்னும் பின்னும் நகர்த்துகின்றன. வில்லையின் விட்டம் 32 மி.மீ.; குவியத் திறனின் மாற்ற எல்லை 5.6 டயாப்டர், இயக்கி உள்ளிட்ட தடிமன் 8.4 மி.மீ.; எடை 14.4 கிராம், மின்திறன் செலவு 20 மில்லிவாட்டிற்கும் குறைவு. மூக்குப் பாலத்தில் பொருத்திய அகச்சிவப்பு அளவி எதிரிலுள்ள பொருளின் தொலைவை அளக்க, 14 மில்லிநொடியில் குவியம் மாறுகின்றது.

4. இயக்கியிடம் வேண்டப்படுவன

மேற்கண்ட விட்டத்தையே கொண்டு ஓர் எளிய மதிப்பீட்டைச் செய்யலாம். கிளிசரினின் ஒளிவிலகல் எண் 1.47. ஒரு பக்கம் மட்டும் புடைக்கும் வில்லையில் ஒரு டயாப்டர் திறனைப் பெற, படலத்தின் வளைவு ஆரம் 470 மி.மீ. ஆதல் வேண்டும். 16 மி.மீ. அரைவிட்டமுள்ள படலத்தில் இவ்வளைவிற்குரிய நடுப்புடைப்பு 0.27 மி.மீ. மட்டுமே. அப்புடைப்பை நிரப்பும் திரவம் 0.11 மி.லி. ஒரு துளியை 0.05 மி.லி. எனக் கொண்டால், ஒரு டயாப்டருக்கு இரண்டு துளிகள் போதும். நூலைப் படிக்கத் தேவையான 2.5 டயாப்டருக்கு நகர்த்த வேண்டியது ஐந்தாறு துளிகளே.

இத்திரவத்தைப் பின்புறத்து உந்துதண்டு தள்ளுவதாயின், அது 0.34 மி.மீ. நகர்தல் வேண்டும். விசையைக் கணிக்கப் படலத்தின் அழுத்தத்தை அறிதல் வேண்டும். கண்ணாடியை நிமிர்த்திப் பிடிக்கையில் கிளிசரினின் எடையால் வில்லையின் மேல்விளிம்பிற்கும் கீழ்விளிம்பிற்குமிடையே ஏறத்தாழ 400 பாஸ்கல் அழுத்த வேறுபாடு உண்டாகும். படலம் தளர்ந்திருப்பின் திரவம் கீழே தொங்கி உருவம் சிதையும். எனவே படலத்தை விறைப்பாக இழுத்துக் கட்டுதல் வேண்டும். முழுப்புடைப்பில் அழுத்தம் 1000 பாஸ்கல் எனக் கொள்வோமாயின், உந்துதண்டிற்குத் தேவையான விசை 0.8 நியூட்டன், அதாவது 80 கிராம் பொருளைத் தாங்கும் விசை. இவ்விசை சுழியிலிருந்து படிப்படியாக உயர்ந்து 0.34 மி.மீ. தொலைவைக் கடக்கச் செய்யும் வேலை ஏறத்தாழ 0.14 மில்லிஜூல்.

வேகத்திற்கும் நுண்மைக்கும் விழியே அளவுகோலாகும். இளம் விழிகூட அண்மைக்கும் சேய்மைக்குமிடையே முழுதும் மாற ஏறத்தாழ ஒரு நொடி எடுத்துக்கொள்கின்றது. கால் டயாப்டர் அளவிலான குவியப் பிழையை விழி பெரும்பாலும் உணர்வதில்லை. ஆகவே கால் நொடியில் மாறும் இயக்கியும், கால் டயாப்டர் பிழைக்குள் நிற்கும் துல்லியமும் போதுமானவை. இதற்கு மேற்பட்ட வேகத்தை நாடாவிடின், அதற்காகச் செலவாகும் மின்சாரத்தைச் சேமிக்கலாம்.

5. இயக்கி வகைகளின் ஒப்பீடு

5.1. மின்நனைவு முறை

மின்னழுத்தத்தால் திரவத்தின் பரப்பு இழுவிசை மாறுவதை காப்ரியேல் லிப்மான் 1875இல் விளக்கினார். இதன் அடிப்படையில் பிரெஞ்சு அறிஞர் புருனோ பெர்ஜ் உருவாக்கிய வில்லைகளில் நீரும் எண்ணெயும் சந்திக்கும் பரப்பே வில்லையாகச் செயற்படுகின்றது. அசையும் உறுப்பு ஏதுமில்லை, மின்செலவும் குறைவு. ஆனால் பரப்பு இழுவிசை, புவியீர்ப்பை வெல்வது மில்லிமீட்டர் அளவிலான பரப்புகளில் மட்டுமே. நீரைப் பொறுத்தவரை அந்த எல்லை ஏறத்தாழ 2.7 மி.மீ. இரு திரவங்களின் அடர்த்தியைச் சமப்படுத்தி இவ்வெல்லையை விரிவாக்கலாம். எனினும் வெப்பம் மாறும்போது அச்சமநிலை குலைகின்றது. எனவே சிறு கேமராக்களுக்குப் பொருந்தும் இம்முறை, 30 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடிக்கு எளிதில் பொருந்துவதில்லை.

5.2. மின்காந்தச் சுருள்

காந்தப்புலத்திலுள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாயும்போது அது நகர்ந்து திரவத்தைத் தள்ளும். இயக்கம் விரைவானது, கட்டுப்படுத்த எளியது. குறை யாதெனின், நகர்த்திய நிலையில் நிறுத்தி வைக்க மின்னோட்டம் இடையறாது பாய வேண்டும். அம்மின்சாரம் முழுதும் கம்பியில் வெப்பமாக வீணாகின்றது. ஒரு மணி நேரம் நூல் படிப்பவரின் கண்ணாடி, ஒருமுறை கூடக் குவியத்தை மாற்றாத நிலையிலும் அந்த ஒரு மணி நேரமும் மின்சாரத்தைச் செலவிடும்.

5.3. அழுத்தமின் இயக்கி

அழுத்தமின் பொருள்கள் மின்னழுத்தத்தால் நீளும் அளவு ஆயிரத்தில் ஒரு பங்கே. 0.34 மி.மீ. நகர்வை நேரடியாகப் பெற 340 மி.மீ. நீளமுள்ள அடுக்கு வேண்டும். அது கண்ணாடிச் சட்டத்தின் அகலத்தையே மீறிவிடும். இதனால் இரு பட்டைகளை ஒட்டி, ஒன்று நீள மற்றொன்று குறுகுமாறு செய்து வளைவாக மாற்றும் முறை கையாளப்படுகின்றது. வளைவு நகர்வைப் பெருக்குகின்றது. அதே விகிதத்தில் விசை குறைகின்றது. அழுத்தமின் பட்டை மின்தேக்கி போன்றது ஆதலால், நிலையைத் தக்கவைக்கும்போது அதில் பாயும் மின்னோட்டம் மிகக் குறைவு. எனினும் சிறு மின்கலத்தின் சில வோல்ட்டை அதற்குத் தேவையான உயர் மின்னழுத்தமாக மாற்றும் சுற்று எப்பொழுதும் விழித்திருக்க வேண்டும். மேலும் தயக்கம், ஊர்வு ஆகிய இரு குறைகளால் பட்டை தன் நிலையிலிருந்து மெல்ல நழுவும். அந்நழுவலைத் திருத்த ஓர் உணரியும் கட்டுப்பாட்டுச் சுற்றும் தேவைப்படுகின்றன. பட்டை சிக்கனமாக இருப்பினும் அதனைச் சூழ்ந்த சுற்று செலவாளியாகிவிடுகின்றது.

5.4. வடிவ நினைவு உலோகக்கலவை

நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் கம்பி, சூடாக்கினால் குறுகித் தன் பழைய வடிவத்திற்கு மீள்கின்றது. நீளத்தில் 3 விழுக்காடு குறுகும் எனக் கொண்டால், 0.34 மி.மீ. நகர்விற்கு 11 மி.மீ. நீளமுள்ள கம்பி போதும். 0.8 நியூட்டன் விசையைப் பாதுகாப்பான எல்லைக்குள் தாங்க, ஏறத்தாழ 0.08 மி.மீ. தடிமன் வேண்டும், இது ஒரு தலைமயிரின் தடிமனை ஒத்தது. அளவில் இதனினும் சிறிய இயக்கியைக் காண்பது அரிது.

ஆற்றலை வேலையாக மாற்றும் திறனில் இக்கம்பி மிகவும் பின்தங்கியது. மேற்கண்ட கம்பியை 30 பாகையிலிருந்து 80 பாகை செல்சியசிற்கு உயர்த்தி அதன் படிக அமைப்பை மாற்ற ஏறத்தாழ 14 மில்லிஜூல் தேவை. பெறும் வேலை 0.14 மில்லிஜூல். நூறில் ஒரு பங்கே பயன்படுகின்றது. கம்பியைச் சூடாகவே வைத்து நிலையைத் தக்கவைக்க முயன்றால் இவ்விழப்பு தொடர்ந்து பெருகும்.

6. ஒரு நாளின் ஆற்றல் கணக்கு

மேலோட்டமாக நோக்கின் வடிவ நினைவுக் கம்பியே இந்நான்கனுள் மிகப் பொருந்தாதது எனத் தோன்றும். ஒரு நாள் முழுவதற்குமான கணக்கு வேறு விடையைத் தருகின்றது.

கண்ணாடி நாளொன்றுக்கு 16 மணி நேரம் அணியப்படுவதாகவும், அதற்குள் 10,000 முறை குவியம் மாற்றப்படுவதாகவும் கொள்வோம். இது ஆறு நொடிக்கு ஒருமுறை என்ற தாராளமான மதிப்பு. கண்ணாடியின் காதுத்தண்டில் அடங்கக்கூடிய 100 மில்லியாம்பியர்-மணி கொள்ளளவும் 3.7 வோல்ட்டும் உடைய சிறு மின்கலத்தில் ஏறத்தாழ 1330 ஜூல் ஆற்றல் இருக்கும்.

முதலாவதாக, திரவத்தை நகர்த்தும் தூய இயந்திர வேலை: இரு வில்லைகளுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 2.8 ஜூல். மின்கலத்தில் இது ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்கு மட்டுமே.

இரண்டாவதாக, வில்லை ஒன்றுக்கு 20 மில்லிவாட் என்ற உச்ச அளவில் இடையறாது செலவிடும் இயக்கி: இரு வில்லைகளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2300 ஜூல். மின்கலம் ஒன்பது மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

மூன்றாவதாக, மாறும் கணத்தில் மட்டும் சூடாகி, பின்னர் மின்சாரமின்றித் தன் நிலையைப் பற்றி நிற்கும் வடிவ நினைவு இயக்கி: இரு வில்லைகளுக்கு 280 ஜூல். வெப்ப இழப்பையும், நிலையை விடுவிக்கும் மீள் இயக்கத்தையும் கருதி அதனை மும்மடங்காக்கினாலும் 840 ஜூல். மின்கலம் நாள் முழுதும் தாங்கும். தொலைவை அளக்கும் அளவிக்கும் மீதி இருக்கும்.

இக்கணக்கிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்று உண்டு. ஒரு முறை நகர்வதில் நூறில் ஒரு பங்கே பயன்தரும் இயக்கிகூட, நகராதபோது எதையும் செலவிடாததாயின் சிக்கனமானதாகிவிடும். கதவை மூடி வைக்க அதனைக் கையால் இடைவிடாது அழுத்திக்கொண்டிருப்பதற்கும், ஒருமுறை தாழிட்டுவிட்டு அகல்வதற்கும் உள்ள வேறுபாடு இது.

7. இருநிலை இயக்கியின் அமைப்பு

மின்சாரமின்றி நிலையைத் தக்கவைக்கும் வழிகள் பல. திருகாணியைச் சுழற்றும் நுண்மோட்டாரில் மரையின் உராய்வே தாழ்ப்பாளாகின்றது. பந்துமுனைப் பேனாவில் ஒருமுறை அழுத்தினால் முனை வெளிவந்து நிற்பதும், மறுமுறை அழுத்தினால் உள்ளே செல்வதும் இருநிலை அமைப்பிற்கு அன்றாட எடுத்துக்காட்டு. இத்தகைய அமைப்பில் கம்பியின் பணி ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்குத் தள்ளிவிடுவது மட்டுமே.

இரண்டே நிலைகளைக் கொண்டு எவ்வாறு பல தொலைவுகளுக்குக் குவியத்தை அமைப்பது என்னும் வினா இங்கு எழுகின்றது. ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு நான்கு என்ற விகிதத்தில் திரவத்தை நகர்த்தும் மூன்று இருநிலை இயக்கிகளைப் பொருத்தினால், அவற்றின் சேர்க்கையால் எட்டு நிலைகள் கிடைக்கும். சிறிய இயக்கி 0.04 மி.லி. திரவத்தையும், அடுத்தவை முறையே 0.08, 0.16 மி.லி. திரவத்தையும் நகர்த்துவதாகக் கொண்டால், சுழி முதல் 2.625 டயாப்டர் வரை 0.375 டயாப்டர் இடைவெளியில் எட்டுப் படிகள் அமையும். எந்தத் தொலைவிற்கும் நேரும் மிகப் பெரிய பிழை அவ்விடைவெளியில் பாதி, அதாவது 0.19 டயாப்டர். விழி பொறுத்துக்கொள்ளும் கால் டயாப்டர் எல்லைக்குள் இது அடங்குகின்றது. ஒவ்வோர் இயக்கியும் தன் இரு முனைகளில் தடையால் நிறுத்தப்படுவதால், அழுத்தமின் பட்டையில் கண்ட நழுவலும் அதைத் திருத்தும் உணரியும் இங்கு இல்லை.

8. எஞ்சும் சிக்கல்கள்

இம்முறைக்கும் இடர்கள் உள. முதலாவது, உலோகச் சோர்வு. நாளொன்றுக்கு 10,000 மாற்றங்கள் எனின் நூறு நாளில் பத்து இலட்சம் மாற்றங்கள் நிகழும். கம்பி குறுகும் அளவையும் தாங்கும் விசையையும் குறைத்தால் அதன் ஆயுள் நீளும். ஆனால் கம்பியின் நீளமும் தடிமனும் கூடும். தேவையற்ற சிறு மாற்றங்களைப் புறக்கணித்து, மாற்றங்களின் எண்ணிக்கையையே குறைப்பது இதனினும் பயனுள்ள வழி.

இரண்டாவது, வெப்பம். கிளிசரின் ஒவ்வொரு பாகைக்கும் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு விரிவடைகின்றது. 3.2 மி.லி. திரவமுள்ள வில்லை, 25 பாகை குளிரூட்டிய அறையிலிருந்து 40 பாகை வெயிலுக்கு வரும்போது திரவம் 0.024 மி.லி. விரியும். விரிவு முழுதும் முன்படலத்தில் வெளிப்பட்டால் 0.2 டயாப்டருக்கும் மேற்பட்ட பிழை நேரும். படிநிலைப் பிழையுடன் இது சேரின் கால் டயாப்டர் எல்லை மீறப்படும். வெப்பமான நாடுகளுக்கான வடிவமைப்பில் விரிவை ஏற்கும் ஈடுசெய் அறை இன்றியமையாதது.

மூன்றாவது, பார்வையின் நோக்கத்தை அறிவது. மூக்குப் பாலத்திலுள்ள அளவி முகம் திரும்பிய திசையை மட்டுமே அறியும். தலையை அசைக்காமல் விழியை மட்டும் தாழ்த்திக் கைப்பேசியைப் பார்த்தால் அது தவறிவிடும். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகக் குழு 2019இல் வெளியிட்ட தானியங்கு கண்ணாடி, இரு விழிகளின் நோக்குத் திசையையும் ஆழக் கேமராவின் அளவீட்டையும் இணைத்து இதனைத் தீர்க்க முனைந்தது. விழியைத் தொடரும் கருவிகளுக்கும் மின்சாரம் தேவை. இயக்கியில் சேமித்த ஆற்றலே அதற்கு இடமளிக்கும்.

நான்காவது, பாதுகாப்பு. இருநிலை இயக்கி மின்சாரம் அற்றபோதும் கடைசியாக இருந்த நிலையிலேயே நிற்கும். அது வாசிப்பு நிலையாயின், அணிந்தவர் சாலையைக் கடக்கும்போது தொலைவு மங்கலாகத் தெரியும். மின்கலம் தீர்வதற்கு முன்பே, எஞ்சிய ஆற்றலைக் கொண்டு மூன்று இயக்கிகளையும் சேய்மை நிலைக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு கட்டாயம் வேண்டும். அதற்குத் தேவைப்படும் ஆற்றல் ஒரு ஜூலில் சிறு பங்கே. ஒரு சிறு மின்தேக்கியில் அதனை ஒதுக்கி வைக்க இயலும்.

முடிவுரை

திரவ வில்லைக் கண்ணாடியின் ஒளியியல் பெரிதும் அறியப்பட்டதே. 2.5 டயாப்டர் மாற்றத்திற்கு ஐந்தாறு துளித் திரவமும் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நகர்வும் போதுமானவை. அந்நகர்விற்கான நாள்முழு ஆற்றல் மூன்று ஜூலுக்கும் குறைவு. இன்றைய மாதிரிகளின் எடையும் தடிமனும் குறுகிய மின்கல நேரமும் பெரும்பாலும் நிலையைத் தக்கவைக்கும் முறையிலிருந்தே எழுகின்றன. எனவே இயக்கிகளை ஒப்பிடும்போது வேகத்தையும் மாற்றுத் திறனையும் மட்டும் நோக்காது, அசையாதிருக்கும் நேரத்தின் மின்செலவை முதல் அளவுகோலாகக் கொள்ளுதல் தகும்.

தேயிலை பறிக்கும் தொழிலாளிக்கு இன்று உடனடியாக உதவுவது எளிய வாசிப்புக் கண்ணாடியே. ஆயின் படிக்கட்டிலும் தெருவிலும் நூலின் முன்னும் ஒரே கண்ணாடியுடன் இயங்க வேண்டிய முதியவருக்கு அது போதாது. அவருக்கு உரிய கருவி நாள் முழுதும் மின்னேற்றமின்றி உழைப்பதாகவும், மின்கலம் தீரும் தறுவாயிலும் அவரைத் தடுமாற விடாததாகவும் அமைதல் வேண்டும். இவ்விரு தேவைகளையும் நிறைவு செய்யும் நிலைபற்று இயக்கிகளின் ஆயுளும் வெப்பத் தாங்குதிறனுமே அடுத்த ஆய்வுகளின் களமாக அமையத் தக்கவை.